எஞ்சினில் ‘டிக் டிக்’ சத்தமா? பார்ட்ஸுக்குக் கொடுக்கும் முன், காதுக்குக் காசு கொடுங்க!

வெம்பாக்கம் பக்கத்தில் ஒரு நெசவுக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இரண்டு தறி. அப்பா தறியில், மகன் ஸ்டியரிங்கில். மஞ்சள் போர்டு போட்ட 2014 மாடல் டீசல் டிசையர், மூன்றாவது கை. காலையில் செய்யாறு சிப்காட்டுக்கு ஆள் ஏற்றும், மதியம் ஆரணிக்கோ காஞ்சிபுரத்துக்கோ பட்டுச் சேலைக் கட்டு போகும், முகூர்த்த நாளில் கல்யாண வாடகை. இரண்டு வருஷ இஎம்ஐ இன்னும் பாக்கி.

ஒருநாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணியதும் பானட்டுக்குள்ளிருந்து ‘டிக் டிக் டிக்’. மகன் கவனிக்கவில்லை. திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த அப்பாதான் சொன்னார்: “தம்பி, சத்தம் மாறியிருக்குப்பா.” தறியில் நாடா ஓடும் சத்தம் கொஞ்சம் பிசகினாலே கை நின்றுவிடும் ஆள் அவர். வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் காது தப்பாது.

அடுத்த மூன்று நாளில் மகனுக்கு நான்கு பதில்கள் கிடைக்கின்றன. முதல் மெக்கானிக்: “டேப்பட் அடிக்குது தம்பி, டைட் வெச்சா சரியாயிடும்.” இரண்டாவது மெக்கானிக்: “செயின் கிட்டு போயிடுச்சு, மொத்தமா மாத்திடு.” சர்வீஸ் சென்டர்: “ஸ்கேன் பண்ணிட்டோம் சார், எரர் எதுவும் காட்டல. எஞ்சினை ஓபன் பண்ணாத்தான் தெரியும்.” டிரைவர் நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்: “மச்சி, திக்கான ஆயில் ஊத்து, சத்தம் அடங்கிடும்.”

நான்கு பேரும் ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. “எப்போ வருது இந்தச் சத்தம்? ஆயில் லெவல் பார்த்தியா?”

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் பழைய கார் வைத்திருக்கும் யாரிடம் கேட்டாலும் இந்த நான்கு பதிலில் இரண்டையாவது கேட்டிருப்பார்கள். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை பல்லாயிரத்துக்குப் போவதும், பல்லாயிரம் செலவழிக்க வேண்டிய கோளாறு ‘பரவாயில்ல, ஓடும்’ என்று தள்ளிப்போய் எஞ்சினையே காலி செய்வதும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருது?

கார் எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. அது சுழற்றுவது அடியில் இருக்கும் கிராங்க் ஷாஃப்டை. மேலே ஹெட்டில் இருக்கும் வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. இந்த 2:1 கணக்கு எல்லா நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கும் பொருந்தும், நம்ம ஊர் பைக் உட்பட.

ஐடிலிங்கில் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் ஓடுகிறது என்றால், கிராங்க் விநாடிக்கு 13 தடவைக்கு மேல் சுற்றும். கேம் ஏழு தடவைகூட சுற்றாது. ஒரு வால்வு பக்கத்தில் மட்டும் இடைவெளி அதிகமாகி ‘டிக்’ வந்தால், அது விநாடிக்கு ஆறேழு முறைதான் கேட்கும். வேகமாக ஒலிக்கும் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில், அதன் பாதி வேகத்தில் தனியாக ஒரு தாளம். அனுபவமுள்ள மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹெட்டில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது இதைத்தான். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை. (ஓடும் பெல்ட், ஃபேன் பக்கம் நீங்களாக இதை முயற்சி பண்ண வேண்டாம்.)

பாதி வேகத் தாளம் என்றாலே வால்வுதான் என்றும் முடிவு கட்டிவிட முடியாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசல் தெளிப்பதும், புகை வெளியேறுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். அதனால் இன்ஜெக்டர் சத்தமும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் லீக்கும் அச்சு அசலாக டேப்பட் மாதிரியே ‘டிக்’ அடிக்கும். எக்ஸாஸ்ட் லீக் என்றால் ஒரு துப்பு உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பலமாகக் கேட்கும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் கூடும், சூடாகி இரும்பு விரிந்ததும் குறையும் அல்லது நின்றே போகும். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்பாகக் கரி கோடு போட்டிருக்கும். இதற்கு ஹெட்டை இறக்கி வால்வு வேலை பார்த்தால், காசு போகும். சத்தம் போகாது.

இன்ஜெக்டரின் சன்னமான ‘டிக் டிக்’ பெரும்பாலும் நோயே இல்லை. பெட்ரோல் கார்களில் டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வும் இப்படித்தான் ‘க்ளிக்’ அடித்துக்கொண்டிருக்கும். புது கார் வாங்கியவர்கள் பலர் பயப்படுவது இந்த இரண்டு சத்தத்துக்குத்தான்.

இன்னொன்று, கொஞ்சம் வெட்கமான காரணம். வண்டி நிற்கும்போது சத்தமே இல்லை, ஓடினால் மட்டும் வருகிறது, எஞ்சின் வேகத்தோடு இல்லாமல் சக்கர வேகத்தோடு கூடிக் குறைகிறது என்றால், முதலில் டயரைப் பாருங்கள். டயர் காடியில் சிக்கிய ஜல்லிக்கல் செய்யும் வேலையாக இருக்கலாம். வளைவில் திரும்பும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். இரண்டுக்கும் எஞ்சினைத் தொடவே தேவையில்லை.

‘டைட் வெச்சா சரியாயிடும்’ – எது டைட்?

மாருதி 800-ம் அம்பாசடரும் ஓடிய காலத்தில் ‘டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட்’ என்பது வழக்கமான சர்வீஸ் வேலை. வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டு, இடைவெளியை அளந்து, ஸ்க்ரூவைத் திருகி, நட்டைப் பூட்டுவார்கள். நல்ல மெக்கானிக்குக்கு அரைமணி, ஒரு மணி நேர வேலை. ‘டேப்பட் சவுண்டு’ என்ற வார்த்தை தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் வேர் விட்டது அந்தக் காலத்தில்தான். வார்த்தை இன்னும் இருக்கிறது. ஸ்க்ரூதான் பல எஞ்சின்களில் இல்லை.

வெம்பாக்கம் டிசையருக்குள் இருப்பது 1,248 சிசி ஃபியட் மல்டிஜெட் டீசல் எஞ்சின். ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா, டாடா இண்டிகா விஸ்டா, ஃபியட் புன்டோ என்று பல கம்பெனி வண்டிகளில் ஓடியதால் ‘இந்தியாவின் தேசிய எஞ்சின்’ என்றே கார் உலகில் செல்லப் பெயர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. ஆனாலும் வாடகை வண்டிகளாக இவை இன்னும் ஊர் முழுக்க ஓடுகின்றன.

இந்த எஞ்சினில் வால்வு இடைவெளியைக் கவனிப்பது ஹைட்ராலிக் அட்ஜஸ்டர். ஆயில் அழுத்தத்தில் தானாகவே நீண்டு, இடைவெளியை இல்லாமல் செய்துவிடும் ஒரு சின்ன உருளை. திருகுவதற்கு அதில் ஸ்க்ரூ கிடையாது. ஆக, “டேப்பட்டை டைட் வெச்சா சரியாயிடும்” என்று சொன்ன முதல் மெக்கானிக், இல்லாத ஒன்றைத் திருகப் பார்க்கிறார். அவர் ஏமாற்றுகிறார் என்று அர்த்தமில்லை. அந்த எஞ்சினின் மேனுவல் அவர் கைக்கு வந்ததே இல்லை, அவ்வளவுதான்.

ஹைட்ராலிக் அட்ஜஸ்டருக்கு உயிர் ஆயில். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் சில விநாடி ‘டிக் டிக்’ அடித்து அடங்கினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அடங்காமல் தொடர்ந்தால், பார்க்க வேண்டிய முதல் இடம் டிப்ஸ்டிக். ஆயில் குறைந்திருக்கிறதா, காலம் கடந்து தார் மாதிரி ஆகிவிட்டதா, மட்டமான ஃபில்டர் போட்டதால் நிறுத்தும்போதெல்லாம் ஆயில் முழுக்க வடிந்துவிடுகிறதா? டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் இதே ஆயில் அழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆயில் குறைந்த வண்டியில் செயின் சத்தமும் வரும், அட்ஜஸ்டர் சத்தமும் வரும். அளவு பார்க்காமல் செயின் கிட்டை மாற்றினால், புது செயினும் அதே பட்டினியில்தான் ஓடும்.

டேஷ்போர்டில் சிவப்பு ஆயில் லைட் எரியலையே என்று கேட்கலாம். பெரும்பாலான கார்களில் அந்த லைட் காட்டுவது ஆயிலின் அளவை இல்லை, அழுத்தத்தை. அது எரியும்போது நேரம் ஏற்கெனவே கடந்திருக்கும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. இதற்கு ஆப் கிடையாது. பழைய துணி ஒன்று போதும்.

ஸ்கேனர் ஏன் எதுவும் காட்டவில்லை? ஸ்கேனர் படிப்பது சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்வதை மட்டும். வால்வு இடைவெளியை அளக்கும் சென்சார் எதுவும் இந்த வண்டிகளில் இல்லை. செயின் ரொம்பவே தளர்ந்து கிராங்க், கேம் இரண்டின் கணக்கும் பிசகினால் பி-0016 மாதிரி ஒரு கோடு வரும். அதுவரை கம்ப்யூட்டருக்கு எல்லாம் நலமே. “எரர் இல்ல” என்பதை “கோளாறு இல்ல” என்று புரிந்துகொள்வதும் தப்பு, “அப்போ ஓபன் பண்ணித்தான் ஆகணும்” என்று தாவுவதும் தப்பு. நடுவில் ஒரு மனிதக் காது இருக்கிறது.

திக்கான ஆயில் ஊத்தலாமா?

இந்த யோசனையை முழு அபத்தம் என்று ஒதுக்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 2025 ஏப்ரலில் தன் 6.2 லிட்டர் வி-8 எஞ்சின் போட்ட வண்டிகளை அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சம் திரும்ப அழைத்தது. கிராங்க், கனெக்டிங் ராடு தயாரிப்பில் குறை. எஞ்சின் பாதியில் நின்றுபோகும் அபாயம். சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு அந்த நிறுவனம் செய்த தீர்வு என்ன தெரியுமா? மெல்லிய ஆயிலை எடுத்துவிட்டு, அதைவிடத் திக்கான 0டபிள்யூ-40 ஊற்றியது.

ஆனால் வரிசையைக் கவனிக்கணும். முதலில் சோதனை. தேறாத எஞ்சினுக்கு ரிப்பேர் அல்லது மாற்று எஞ்சின். தேறியதற்கு மட்டும் ஆயில். நம்ம வாட்ஸ்அப் குரூப் வைத்தியத்தில் சோதனை என்ற கட்டமே இல்லை. இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பல 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 என்று தண்ணீர் மாதிரி ஆயிலுக்கு வடிவமைக்கப்பட்டவை. அதில் பழைய பழக்கத்தில் 20டபிள்யூ-40 ஊற்றினால், காலை ஸ்டார்ட்டில் ஆயில் மேலே ஏறவே தாமதமாகும். சத்தம் மட்டும் சில வாரம் அடங்கலாம், அதற்குக் காரணமான தேய்மானம் தொடரும். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் இதை வேண்டுமென்றே செய்து விற்பவர்களும் உண்டு. அதனால்தான் பழைய கார் வாங்கப்போனால், “முன்னாடியே சூடு பண்ணி வெக்காதீங்க, ஸ்டார்ட்டை நான் வந்துதான் பண்ணுவேன்” என்று சொல்லிவிட்டுப் போகணும்.

எந்தச் சத்தத்துக்கு உடனே பயப்படணும்? ‘டிக்’ இல்லாமல் கனமாக, அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று, லோடு ஏறும்போது பலமாக வந்தால். அது பெரும்பாலும் ராடு பேரிங். அந்த நிமிஷமே எஞ்சினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துப் போவதுதான் மிச்சம். ஹூண்டாய் 2015-ல் அமெரிக்காவில் சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது இந்த வகைக் கோளாறுக்குத்தான். தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் பேரிங்குக்குப் போகும் ஆயிலை அடைத்தன. பிறகு அந்த நிறுவனம் நாக் சென்சாரை வைத்தே இந்தச் சத்தத்தை முன்கூட்டியே பிடிக்கும் சாஃப்ட்வேரைப் பல வண்டிகளில் ஏற்றியது. விவகாரத்தை வெளிக்கொண்டுவந்த அதன் முன்னாள் பொறியாளர் கிம் குவாங்-ஹோவுக்கு 2021-ல் அமெரிக்க அரசு 2.4 கோடி டாலருக்கு மேல் வெகுமதி கொடுத்தது. ஒரு சத்தத்தின் விலை!

நேர்மாறான ஒரு ஆபத்தும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. சிஎன்ஜி, எல்பிஜியில் ஓடும் வண்டிகளில் வால்வு சீட் தேயத் தேய, ஸ்க்ரூ அல்லது ஷிம் வைத்த எஞ்சின்களில் இடைவெளி கூடாது, குறையும். அதாவது சத்தமும் குறையும். வண்டி ‘ஸ்மூத்தா’ இருக்கிறது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, வால்வு முழுசாக மூடாமல் எரிந்துபோய்க்கொண்டிருக்கும். டிக் அடிக்கும் டேப்பட் பேசிக்கொண்டாவது இருக்கிறது.

பார்த்ததுக்குக் காசா?

மெக்கானிக் அரைமணி நேரம் செலவழித்து, கேட்டு, பார்த்து, “ஒண்ணும் இல்லண்ணே, இன்ஜெக்டர் சத்தம்தான், போங்க” என்று சொன்னால் நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? “சரிப்பா, அப்புறம் பார்க்கலாம்” என்று கையாட்டிவிட்டுப் போகிறோம். அதே ஆள் எதையாவது கழற்றி மாற்றி, ஐயாயிரம் பில் போட்டால் பேரம் பேசியாவது கொடுக்கிறோம்.

கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் இல்லை, மாற்றுவதற்கு மட்டும் சம்பளம் என்று வைத்தால், ஒர்க்‌ஷாப்பில் எது நடக்கும்? மாற்றுவதுதான் நடக்கும். நம்ம ஊரில் பார்ட்ஸ் மார்ஜினில்தான் சின்ன ஒர்க்‌ஷாப்கள் பல பிழைக்கின்றன. நேர்மையான மெக்கானிக்கையும் இந்த ஏற்பாடு மெல்ல அந்தப் பக்கம் தள்ளுகிறது. டாக்டரிடம் “காய்ச்சல் ஒண்ணுமில்ல” என்று கேட்டுவிட்டு ஃபீஸ் கொடுக்காமல் வருகிறோமா என்ன? ‘செக்கிங் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகையைப் பேசி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதைக் கொடுப்பது தர்மம் என்பதைவிட, வண்டிக்காரருக்கே லாபம்.

மெக்கானிக் பக்கம் தகவல் இல்லாமல் போனதற்கு அவர் மட்டும் காரணமில்லை. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-ல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். கார் நிறுவனங்கள் ஒரிஜினல் உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும், தொழில்நுட்பத் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் வைத்திருக்கின்றன என்பது புகார். மூன்று நிறுவனங்கள் மீது ஆரம்பித்த வழக்கு விரிந்து, 2014 ஆகஸ்ட் 25-ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பாகங்களும் கருவிகளும் வெளிச்சந்தையில் கிடைக்கணும், வெளியே ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு, நீதிமன்றம் என்று போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்கள் விஷயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்றது, அபராதக் கணக்கை மட்டும் குறைத்தது.

மத்திய அரசு 2022 டிசம்பரில் ‘ரைட் டு ரிப்பேர்’ இணையதளத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்த்த நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல விஷயம்தான். ஆனால் ஆரணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஷெட் போட்டிருப்பவருக்கு அதில் தேவையானது தமிழில், அந்த மாடலுக்கான வால்வு அளவும் ஆயில் அளவும் உள்ள ஒரே ஒரு பக்கம். சர்வீஸ் சென்டர் கையில் மேனுவல் இருக்கிறது, உட்கார்ந்து கேட்க நேரமில்லை. ஷெட்காரருக்குக் கேட்கத் தெரியும், மேனுவல் இல்லை. இடையில் மாட்டுவது வண்டிக்காரர்.

வேடிக்கை என்னவென்றால், இதே செய்யாறு பக்கத்தில்தான் மஹிந்திராவின் 454 ஏக்கர் எஸ்யூவி சோதனைத் தடம் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்து வண்டியின் ஒவ்வொரு அதிர்வையும் சத்தத்தையும் அளந்து பார்க்கிற இடம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு டிசையர், ஒரு டிப்ஸ்டிக்கை யாரும் இழுத்துப் பார்க்காததால் மூன்று நாளாக வீட்டு வாசலில் நிற்கிறது. மூன்று நாள் வாடகை போச்சு.

சண்டை போடும் நிலைமை வந்தால் வழி உண்டு. வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை டிக்கியில் போட்டுத் தரச் சொல்லுங்கள். தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் சாட்சி. தேவையில்லாத வேலைக்கு பில் போட்டிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

அதற்கெல்லாம் முன்னால், போனை எடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை வீடியோவாகப் பிடியுங்கள், ஆர்பிஎம் முள் தெரியற மாதிரி. ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி சத்தம் ஒளிந்துகொள்ளும், அது எல்லா வண்டிக்கும் உள்ள குணம். ஜாப் கார்டில் ‘எஞ்சின் நாய்ஸ்’ என்று இரண்டு வார்த்தையில் எழுத விடாதீர்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: “காலையில் முதல் ஸ்டார்ட்டில் வருது. அரை நிமிஷம் இருக்கு. ஆக்ஸிலரேட்டர் கொடுத்தா வேகமாகுது. சூடானதும் இல்ல. ஆயில் லெவல் பார்த்தாச்சு, மினிமம் கோட்டுக்குக் கீழ இருந்தது. கழற்றுவதற்கு முன் போன் பண்ணவும்.”